பொட்டுக்கு அடியில் எரிந்த லைட்

பாபு,

ஒரே ஊருக்குள்ள இருந்துக்கிட்டு அம்மா எதுக்குத் தபால்ல எழுதறான்னு நீ நினைப்பே. இங்க கோர்படியில ஏறினா ரெண்டு பஸ் மாறி உங்க வாகட் வந்துடலாம். வியாழக்கிழமை வந்தேன்டா. உங்க பில்டிங் கேட் வரைக்கும் வந்தேன். வாட்ச்மேன், "கிஸ்கே கர் ஜானா ஹை, மௌசி?"ன்னு கேட்டான். யார் வீட்டுக்குன்னு சொல்ல உன் பேரு வாய் வரைக்கும் வந்துச்சு, வெளிய வரலை. ஒண்ணுமில்லப்பான்னு கையை ஆட்டிட்டுத் திரும்பி வந்துட்டேன். நேர்ல உன் மூஞ்சியைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. அதனாலதான் இந்தக் காகிதம். நான் அஞ்சாவது வரைக்கும் படிச்சவ, எழுத்து கோணலாத்தான் இருக்கும். உனக்கும் தமிழ் சரியாப் படிக்க வராது, எழுத்துக் கூட்டிப் படிச்சா ஒரு பக்கத்துக்கு ஒரு மணி நேரம் ஆகும். கயல் படிச்சுக் காட்டட்டும். அம்மா கயல், நடுவுல நிறுத்தாம படிச்சுடு தாயி. கேள்வியை முதல்ல கேட்டவ நீதானே. நீயும் தெரிஞ்சுக்கோ.

போன ஞாயித்துக்கிழமை நீங்க ரெண்டு பேரும் புதுக் காரை எடுத்துக்கிட்டு இங்க சாப்பிட வர்றதா இருந்துச்சு. நான் கோழிக்குழம்பு வெச்சு மூடி வெச்சுட்டு உட்கார்ந்திருந்தேன். கயல் போன் பண்ணா. "அத்தை, வண்டியில மஞ்சளா ஒரு எஞ்சின் லைட் எரியுது. இவர் உடனே ஓரம் கட்டிட்டாரு. கட்டிட்டு ரோட்டுல படுத்துக்கிட்டு வண்டிக்கு அடியில கையை விட்டுத் தடவித் தடவிப் பார்க்கறாரு. கையில ஒண்ணுமே ஒட்டலை, காய்ஞ்சுதான் இருக்கு. ஆனா 'நான் சரியா முறுக்கலை, நான் சரியா முறுக்கலை'ன்னு சொல்லிக்கிட்டே இருக்காரு. இந்த வண்டியில அவர் ஒரு நட்டைக்கூடத் தொட்டதில்லையே அத்தை. என்ன ஆச்சு இவருக்கு?"ன்னு கேட்டா. அழுதுட்டா பொண்ணு. நான் என்ன பதில் சொன்னேன் தெரியுமா? "வெயில்ல உட்கார விடாதம்மா, மோர் இருந்தா வாங்கிக் குடு"ன்னேன். அவ்வளவுதான் என்னால முடிஞ்சுது. போனை வெச்சுட்டு அடுப்புப் பக்கத்துலயே உட்கார்ந்துட்டேன். ஆறு வருசமா நீ காரும் வேணாம், பைக்கும் வேணாம், கம்பெனி பஸ் போதும்னு இருந்தது எதுக்குன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் வாயை மூடிக்கிட்டுதான் இருந்தேன். நீ அதை இன்னும் நாக்குல வெச்சுக்கிட்டு இருக்கேன்னுதான் தெரியாது.

உங்கப்பாவைப் பத்தி நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனா கயலுக்குத் தெரியாது, அவளுக்காகச் சொல்றேன். அவர் இங்க மிலிட்டரி டிப்போவுல லாரி ஓட்டினவரு. குடியாத்தத்துலேர்ந்து பதினெட்டு வயசுல வந்தவரு. அவர் ஓட்டின லாரியில முன்னாடி இருந்த முள்ளும் ஆடாது, லைட்டும் எரியாது. எல்லாம் காதுதான். ஒருநாள் நாம மூணு பேரும் டவுன் பஸ்ல போய்க்கிட்டிருக்கோம், நீ ரெண்டாவது படிக்கறே. திடீர்னு எழுந்து, "எறங்குங்க, எறங்குங்க, இது அடுத்த ஸ்டாப்பைத் தாண்டாது"ன்னாரு. டிக்கெட் எடுத்தாச்சு, உட்கார இடமும் கிடைச்சாச்சு, நான் எறங்க மாட்டேன்னு சண்டை போட்டேன். கண்டக்டர் சிரிச்சான், "அண்ணா, தும்ஹி ஜோதிஷி காய்?", நீ என்ன ஜோசியக்காரனான்னு. எறங்கி நடந்தோம். அடுத்த ஸ்டாப்புல பஸ்ஸு மூலையில நின்னுக்கிட்டு இருந்துச்சு, ஜனமெல்லாம் கீழ. உங்கப்பா அந்தக் கண்டக்டரைப் பார்த்து ஒரு சல்யூட் அடிச்சாரு பாரு. நீ வீடு வர்ற வரைக்கும் அந்த சல்யூட்டையே அடிச்சுக்கிட்டு வந்தே. அப்படிப்பட்ட மனுசனுக்குத்தான் அன்னைக்குக் காது கேட்காமப் போச்சு. அது ஏன்னு நான் யோசிக்காத நாள் இல்லை.

டிப்போ வேலையை விட்டுட்டு அந்த வெள்ளைக் காரை வாங்கினாரு இல்லையா, பழைய வண்டி, ஆனா புது மாடல். உள்ள கம்ப்யூட்டர் இருக்குன்னு சொன்னாங்க. விமான் நகர்ல கம்பெனிப் பொண்ணுங்களைக் கூட்டிட்டுப் போறதும், கொண்டுவந்து விடறதும். வாங்கி மூணு மாசம் ஆகலை, அந்த மஞ்சள் லைட்டு எரிய ஆரம்பிச்சுது. எஞ்சின் படம் போட்ட லைட்டு. நம்ம பாண்டுரங் மெக்கானிக் கிட்ட காட்டினாரு. அவன் பானட்டைத் திறந்து பார்த்துட்டு, "காய் நாஹி அண்ணா, ஒண்ணுமில்லை, சென்சர்தான். என்கிட்ட அதைப் பார்க்கற மிஷின் இல்லை, பெரிய ஒர்க்‌ஷாப்புலதான் இருக்கு"ன்னான். பெரிய ஒர்க்‌ஷாப்புக்குப் போனா வண்டியை ரெண்டு நாள் நிறுத்திப்பாங்க, ட்ரிப்பு வேற ஆளுக்குப் போயிடும். உங்கப்பா வண்டியை உறும விட்டுக் காது குடுத்துக் கேட்டாரு. "வண்டி நல்லா இருக்குது. லைட்டுக்குத்தான் பைத்தியம் புடிச்சிருக்குது"ன்னாரு. ஆனா ஏறுற பொண்ணுங்க விடலை. "அங்கிள், யே லைட் க்யூங் ஜல் ரஹீ ஹை?"ன்னு தினம் ஒருத்தி கேட்பா. லைட்டு ஏன் எரியுதுன்னு கேட்டாலே அவருக்கு அவமானம். ஒருத்தி ட்ராவல்ஸ்காரன் கிட்டயே சொல்லிட்டா. அன்னைக்கு வீட்டுக்கு வந்து சாப்பிடாம உட்கார்ந்திருந்தாரு. இருபத்தாறு வருசம் ஒரு கீறல் இல்லாம வண்டி ஓட்டினவனை ஒரு குட்டி லைட்டு கேவலப்படுத்துதுன்னாரு.

அந்த வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போய்ட்டு முன் சீட்டுல உட்கார்ந்து வர்றேன், அந்த லைட்டு என்னையே முறைச்சுக்கிட்டு இருக்கு. நான் நெத்தியில இருந்த ஸ்டிக்கர் பொட்டை எடுத்து அதுமேல ஒட்டிட்டேன். "இன்னாடி பண்றே?"ன்னாரு. "இனிமே எவ கேட்கறான்னு பார்க்கலாம்"னேன். அவர் சிரிச்ச சிரிப்பு இருக்கே, ஸ்டியரிங்கை ஒரு கையால தட்டித் தட்டிச் சிரிச்சாரு. "வண்டிக்குப் பொட்டு வெச்சுட்டா என் பொண்டாட்டி. இனிமே இவ சுமங்கலி"ன்னாரு. நீயும் பார்த்திருக்கே. "என்னம்மா, காருக்கு மேக்கப்பா?"ன்னு கிண்டல் பண்ணினே. வெயில்ல பசை காய்ஞ்சு பத்து நாளைக்கு ஒருதடவை விழுந்துடும், நான் வேற ஒட்டுவேன். அட்டையிலேர்ந்து ஒண்ணு எனக்கு, ஒண்ணு வண்டிக்கு. அதுல ஒரு சந்தோசம் எனக்கு இருந்துச்சுடா, பொய் சொல்லலை. அவர் தொழில்ல நானும் ஏதோ ஒரு கை குடுக்கற மாதிரி.

அந்தத் திங்கக்கிழமை காலையில அவர் ஒரு குடும்பத்தை சதாராவுக்குக் கொண்டுபோய் விடக் கிளம்பினாரு. பழைய பொட்டு சின்னது, ஓரத்துல மஞ்சள் வெளிச்சம் கசியுதுன்னு முந்தின நாளே சொல்லிக்கிட்டு இருந்தாரு. நான் பெரிய பொட்டா எடுத்தேன். மெரூன் கலரு, கல்யாணத்துக்கு வெச்சுக்கறது, ஒரு ரூபாய்க் காசு அளவு. அவசரத்துல கையை உள்ள விட்டு ஒட்டினேன். "போய்ட்டு வரேன்"னாரு. சோத்து டப்பாவை மறந்துட்டுப் போறாரேன்னு பின்னாடியே ஓடிக் குடுத்தேன்.

திரும்பி வர்றப்போ காத்ரஜ் காட் மலைரோட்டுல ஏறும்போது ஆயிலே இல்லாம எஞ்சின் இறுகிப்போய் வண்டி வளைவுல நின்னுடுச்சு. மத்தியானம் ரெண்டு மணி இருக்கும். டிரைவருங்க பண்றதுதான் அவரும் பண்ணியிருக்காரு, சக்கரத்துக்குக் கல்லு வெச்சுட்டு, பின்னாடி வர்ற வண்டிக்கு அடையாளமா ரோட்டுல போட மரக்கிளை ஒடிச்சுக்கிட்டு வந்திருக்காரு. மேல ஏறி வந்த லாரிக்காரன் வளைவுல பார்க்கலை. கிளை கையிலயே இருந்துச்சாம். இதுக்கு மேல என்னால எழுத முடியாது. உனக்கே தெரியும்.

வண்டியைக் கட்டி இழுத்துக்கிட்டு வந்து பாண்டுரங் கடை முன்னாடி விட்டாங்க. நீ போய் அதுக்கு அடியில பார்த்தே. அடியெல்லாம் ஆயிலு. முந்தின நாள் ஞாயித்துக்கிழமை நீதான் அந்த வண்டிக்கு ஆயில் மாத்தினே, வாழ்க்கையிலயே முதல் தடவை. காலேஜ் கடைசி வருசம் நீ. வீட்டுக்குள்ள ஜனம், உங்க பெரியத்தை மாரடிச்சு அழறாங்க, நீ என் பக்கத்துல வந்து உட்கார்ந்து என் காது கிட்ட கேட்டே. "அம்மா, ஆயில் நட்டை நான் சரியா முறுக்கினேன்ல? நீ வாசப்படியிலதானே இருந்தே, நீ பார்த்தேல்ல?"ன்னு. நான் உன் மூஞ்சியைப் பார்க்காம, "எனக்கென்னடா தெரியும்"னேன்.

அந்த மூணு சொல்லுதான் உன்னை ரோட்டுல படுக்க வெச்சிருக்கு. அது பொய்டா பாபு.

ஏன் பொய் சொன்னேன்னு கேளு. நீ கேட்கறதுக்கு முன்னாடியே எனக்கு வேற ஒண்ணு தெரிஞ்சு போச்சு. மறுநாள் காலையிலயே பாண்டுரங் ஆள் அனுப்பிச்சுக் கூப்பிட்டான், வண்டியில இருந்த சாமானை எடுத்துக்கிட்டுப் போகச் சொல்லி. நான் மட்டும் போனேன். சோத்து டப்பா, அவர் துண்டு, சாமி படம். அவன் சாவியைத் திருப்பினான். முன்னாடி இருக்கற எல்லா லைட்டும் ஒரே நேரத்துல எரிஞ்சுது, என் பொட்டு இருக்கற இடம் மட்டும் இருட்டா இருந்துச்சு. அவன் நகத்தால அதைக் கிள்ளி எடுத்தான். அடியில ஒரு லைட்டு இல்லைடா, ரெண்டு. ஒண்ணு அந்த மஞ்சள் எஞ்சின். அதுக்கு ஒட்டினாப்புல சிவப்பா, எண்ணெய்க் கூஜா மாதிரி ஒரு படம். "இது ஆயில் லைட்டு, வைனி. ஆயில் இறங்கிப் போச்சுன்னா இதுதான் எரியும். எரிஞ்சா அந்த இடத்துலயே வண்டியை அணைச்சுடணும்"னான். வைனின்னா அண்ணின்னு அர்த்தம், அவன் என்னை எப்பவும் அப்படித்தான் கூப்பிடுவான். "நட்டு கழண்டுச்சா?"ன்னேன். "நட்டு கல்லு மாதிரி இருக்கு. முன்பக்கம் ஆயிலைத் தடுக்கற ரப்பர் சீல் கிழிஞ்சு ஆயில் பூராப் போயிடுச்சு. பழைய வண்டி, எப்ப வேணா கிழியும்"னான். அந்தப் பொட்டை என் உள்ளங்கையில வெச்சான். "முலாலா நகா சாங்கூ, வைனி." பையன் கிட்ட சொல்லாதேன்னான். எனக்காகத்தான் சொன்னான், நல்ல மனசு.

நீ வந்து காதுல கேட்டப்போ அந்தப் பொட்டு என் முந்தானை முடிச்சுல இருந்துச்சு. பார்த்தேன்னு சொன்னா, அப்புறம் ஆயில் எப்படிப் போச்சுன்னு நீ கேட்பே. சீலுன்னு சொன்னா, லைட்டு எரிஞ்சிருக்குமேம்மா, அப்பா ஏன் நிறுத்தலைன்னு கேட்பே. நீ படிச்ச பையன், விடமாட்டே. அதனால தெரியாதுன்னுட்டேன். அந்த நேரத்துக்குத் தப்பிச்சா போதும், நாளைக்கு சொல்லிக்கலாம்னு நினைச்சேன். உன் தலையில இருக்கற வரைக்கும் பழி என் தலைக்கு வராதுன்னு நான் யோசிச்சேனா? யோசிச்சிருப்பேன்டா. இல்லைன்னு சத்தியம் பண்ண முடியலை.

பத்தாம் நாள் என்னை உட்கார வெச்சு நெத்திப் பொட்டை எடுத்தாங்க. எல்லாரும் அழுதாங்க. நீ வெளிய போய் நின்னுக்கிட்டே. இன்னொரு பொட்டு என் சுருக்குப் பையில இருக்குன்னு அங்க இருந்த ஒருத்திக்கும் தெரியாது. அன்னைக்கு சாயங்காலம் சொல்லிடலாம்னு வந்தேன், நீ சுவத்தைப் பார்த்துப் படுத்திருந்தே. அப்புறம் பரீட்சை வந்துச்சு, சொல்லலை. வேலை கிடைச்சுது, சொல்லலை. கல்யாணத்துக்கு முன்னாடி சொல்லிடணும்னு பத்திரிகை வெச்சு சாமி கும்பிட்டப்போ நினைச்சேன். நீ ரொம்ப நாள் கழிச்சு சிரிச்சுக்கிட்டு இருந்தே, அதைக் கெடுக்க மனசு வரலை. ஒவ்வொரு தடவையும் ஒரு காரணம் கிடைச்சுது. அந்த லைட்டு மேல புதுப் பொட்டு ஒட்டின மாதிரிதான் ஒட்டிக்கிட்டே வந்தேன்.

அன்னைக்கு அந்தச் சிவப்பு லைட்டு எரிஞ்சுதா இல்லையா, எனக்குத் தெரியாது. எரிஞ்சிருந்தாலும் அவர் பார்த்திருப்பாரான்னு தெரியாது. பார்த்து வேற இடத்துல நிறுத்தியிருந்தா லாரி வராம இருந்திருக்குமான்னும் தெரியாது. லாரிங்க இரைச்சல்ல காதும் கேட்டிருக்காது, கண்ணுக்குத் தெரிய வேண்டியதையும் நான் மூடி வெச்சுட்டேன், அதுவரைக்கும்தான் எனக்குத் தெரியும். அவரைக் கேட்கலாம்னா அவர் இல்லை. சாமி கிட்ட கேட்டா அது வாயைத் திறக்க மாட்டேங்குது. விடியக்காலையில தண்ணி பிடிக்கறப்போ, ஒரு குடம் நிறையறதுக்குள்ள எரிஞ்சிருக்கும்னு தோணும், அடுத்த குடத்துக்கு எரிஞ்சிருக்காதுன்னு தோணும். ஆறு வருசமா இதேதான்.

கயல் போன் பண்ண மறுநாள் நான் பாண்டுரங்கைத் தேடிப் போனேன். தாடியெல்லாம் நரைச்சுப் போச்சு. இப்ப அந்த மிஷின் வாங்கி வெச்சிருக்கான். "தம்பி, என் பையன் காருல மஞ்சள் எஞ்சின் லைட்டு எரியுது, என்ன பண்ணணும், எனக்குப் புரியற மாதிரி சொல்லு"ன்னேன். அவன் சொன்னதைக் காலண்டர் தாள் பின்னாடி எழுதிக்கிட்டு வந்தேன். பார்த்து எழுதறேன், கவனமாக் கேளு. மஞ்சள் லைட்டு அசையாம எரிஞ்சா பதறாதே. முதல்ல பெட்ரோல் மூடியைச் சரியா மூடியிருக்கான்னு பாரு, அது லூசா இருந்தாலே சில வண்டியில எரியுமாம். வண்டி துள்ளாம, சத்தம் மாறாம, சூடாகாம இருந்தா மெதுவா ஓட்டிக்கிட்டுப் போய் மிஷின் வெச்சுப் பார்க்கச் சொல்லு, நாள் கடத்தாதே. அதே மஞ்சள் விட்டு விட்டு மினுக்கினா, வேகத்தைக் குறைச்சு நல்ல இடமாப் பார்த்து நிறுத்திடு, ஓட்டாதே. சிவப்பு எரிஞ்சா, ஆயிலோ சூடோ எதுவானாலும், ஓரம் கட்டி எஞ்சினை அணைச்சுட்டு ஆளைக் கூப்பிடு. வண்டி நின்ன பிறகு நீயும் கயலும் ரோட்டை விட்டு உள்ள தள்ளி நில்லுங்க. இந்தக் கடைசி வரி பாண்டுரங் சொன்னதில்லை, நான் சொல்றது. கிளை ஒடிக்கப் போகாதே கண்ணு. வண்டி போனாப் போகட்டும்.

இவ்வளவுதான் அந்த லைட்டு. ஒரு காலண்டர் தாள்ல அடங்கிடுச்சு. அப்பவே யாராவது உட்கார்ந்து சொல்லியிருந்தா எனக்கும் புரிஞ்சிருக்கும், நான் என்ன மரமா? ஆனா நான் யாரையும் கேட்கலை. கேட்கறதுக்குப் பதிலா மூடத்தான் தெரிஞ்சுது.

நீ இதைக் கேட்டுட்டு என்ன பண்ணுவேன்னு எனக்குத் தெரியலை. கோவப்படலாம். இத்தனை வருசம் என்னை வேடிக்கை பார்த்தியாம்மான்னு கேட்கலாம். பார்த்தேன்தான். மாசாமாசம் வர்றே, மருந்து வாங்கி வெச்சுட்டுப் போறே, அதெல்லாம் நின்னு போகலாம். நின்னா நான் உன்னைக் குத்தம் சொல்ல மாட்டேன். மன்னிச்சுடுன்னு கேட்கக்கூட எனக்கு வாய் இல்லை. நீ வர்ற வரைக்கும் வாசலைப் பார்த்துக்கிட்டு இருப்பேன், வேற என்ன பண்ணத் தெரியும் எனக்கு.

நீ அன்னைக்குக் கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லிட்டு முடிச்சுடறேன். அந்த ஞாயித்துக்கிழமை காலையில நான் வாசப்படியில உட்கார்ந்து வெங்காயம் உரிச்சுக்கிட்டு இருந்தேன். வண்டிக்கு வெளிய உன் ரெண்டு காலு மட்டும் தெரிஞ்சுது. உங்கப்பா குந்திக்கிட்டு, "முறுக்கிட்டியா?"ன்னாரு. "முறுக்கிட்டேம்பா"ன்னே. "அழுத்தமா?" "அழுத்தமா." "சரி, வெளிய வா"ன்னாரு. நீ எழுந்து சோப்புத்தூள் கேட்டுக் கை கழுவ உள்ள போய்ட்டே. நீ போன பிறகு அவர் துண்டைக் கீழ விரிச்சு, தானே அடியில போய் ஸ்பானரைப் போட்டு ஒரு அமுக்கு அமுக்கிப் பார்த்தாரு. அது அசையலை. விரலால நட்டைச் சுத்தித் தடவிட்டு வெளிய வந்து அந்த விரலை என் மூஞ்சிக்கு நேரா காட்டினாரு. காய்ஞ்ச விரலு. "பாத்தியா, பையனுக்குக் கை வந்துடுச்சு. நேர்ல சொல்லிடாதே, தலைக்கு ஏறிடும்"னாரு.

நீ பார்த்தேல்லம்மான்னு கேட்டே.

பார்த்தேன்டா.

அம்மா